பெயர் வெட்டிய செட்டு

ஜூலை 29, சனி

எனக்குக் கரண்ட் அடித்துவிட்டது என்று இன்று காலை தெருவே எங்கள் வீட்டில் கூடிவிட்டது. நான் போட்ட சத்தம் அப்படி. எதிர்வீட்டு டீச்சரம்மாதான் முதலில் ஓடிவந்தார், கையில் பருப்பு மத்தோடு. காய்ந்த மரத்தால் தட்டிவிட வேண்டுமாம். தட்டியும் விட்டார், தோளில், நன்றாகவே. அதற்குப் பிறகுதான் என் மனைவி ராஜகனி சுவரைக் காட்டினாள்.

"பிளக்கையே சொருகல டீச்சர். எங்கேருந்து கரண்டு வரும்?"

பல்லி. பழைய ஸ்டீரியோ செட்டின் மேல்மூடித் துவாரங்களில் துணியை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே குடியிருந்த பல்லி என் சட்டைக் கைக்குள் ஏறி அக்குள் வரைக்கும் வந்துவிட்டது. துறைமுக எடைமேடையில் ஆயுசெல்லாம் லாரிகளுக்கு நடுவே நின்ற ஆள் நான். பத்தாங்கிளாஸை இரண்டாவது முயற்சியில் பாஸ் பண்ணியவன். பெயர் சிவனணைந்தபெருமாள். பல்லிக்கு இதெல்லாம் தெரியவில்லை.

ஆனால் ஒன்று. அந்தச் செட்டைப் பரணிலிருந்து நான் ஒருத்தனாகவே இறக்கினேன். வாங்கிய அன்றைக்கு நானும் என் கூட்டாளி தவசிமணியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, வாசலில் ஒருமுறை இறக்கி வைத்து மூச்சு வாங்கித்தான் உள்ளே கொண்டுவந்தோம். இன்று, ரிட்டயர் ஆன பிறகு, நாற்காலி மேல் நின்று, ஒற்றை ஆளாக! ராஜகனியிடம் சொன்னேன், "பாத்தியா, கனமே தெரியல. ஒடம்பு இன்னும் அப்படியே இருக்கு."

அவள் குனிந்து அரிசி களைந்தாள். புருஷன் பலசாலி என்றால் பெண்களுக்கு ஒரு வெட்கம்.

இந்த வேலையை எதற்கு எடுத்தேன் என்றால், வருகிற ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மகள் பொன்னரசிக்கும் தவசியின் மகன் ரூபனுக்கும் நிச்சயதார்த்தம், எங்கள் வீட்டில். அன்றைக்கு இந்தச் செட்டு பாட வேண்டும். இதோடு பிறந்த செட்டு தவசி வீட்டில் இருக்கிறது. ஒரே கப்பல்காரனிடம், ஒரே நாளில், ஒரே மாதிரி இரண்டு ஜப்பான் செட்டு வாங்கி, ஒரே மாட்டுவண்டியில் ஏற்றி வந்தோம். அவனுடையது இன்றைக்கும் பாடுகிறது. என்னுடையது அரசி நடை பழகிய காலத்திலேயே ஊமையாகிவிட்டது. பார்த்துப் பார்த்து, "உயிரு போயிட்டுல, இதுக்குச் சாமான் கிடைக்காது, மேல தூக்கிப் போடு" என்று சொன்னவனும் தவசிதான். டி.வி., ரேடியோ ரிப்பேரில் ஊரிலேயே அவன் கைதான் கை. அவன் முன்னாலேயே இதைப் பாட வைத்துவிட்டால் அவன் முகம் எப்படிப் போகும் என்று நினைத்தால் இப்போதே சிரிப்பு வருகிறது. அவனிடம் சொல்லவில்லை.

ஜூலை 30, ஞாயிறு

வழக்கம்போல் தவசி வீடு. குளித்து, சட்டை மாற்றி, சாயங்காலம் போய் உட்கார்ந்தால் விளக்கு வைக்கிற வரைக்கும் பாட்டு. எனக்கு என்று ஒரு பிரம்பு நாற்காலி உண்டு. அதில் வேறு யாரும் உட்கார்ந்தால் தவசியின் மனைவி மரகதம், "அது அண்ணாச்சி சேரு" என்று எழுப்பிவிடும்.

சம்பந்தம் பேசியதிலிருந்து ஒரு சங்கடம். சின்ன வயதிலிருந்து 'வால', 'போல' என்று 'ல' போட்டுப் பேசியவர்கள். இப்போது மரியாதை வைக்க வேண்டுமாம். தவசி 'வே' போட்டு, "வாரும்வே" என்கிறான். எனக்கு யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது.

"சத்தம் எப்படிவே இருக்கு?" என்று இன்றும் கேட்டான். ஒவ்வொரு ஞாயிறும் கேட்பான்.

"நல்லாருக்கு. ஒன் செட்டுக்கு உயிர் இருக்குடே. எனக்குத்தான் ராசி இல்ல" என்று நானும் வழக்கமான பதிலைச் சொன்னேன்.

"எல்லாம் கைராசிதான்" என்றான்.

உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். இரு மவனே, ஆவணி வரட்டும்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோல் வாங்கினேன். முதலில் பற்றியது என் லுங்கி.

ஆகஸ்ட் 3, வியாழன்

செல்போனில் ஒருத்தர் வீடியோவில் பாடம் நடத்துகிறார். வடக்கத்திக்காரர். அவர் பேசுவது எனக்குப் புரியாது, ஆனால் கையைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறேன். சமையல் வீடியோ பார்த்து ராஜகனி அல்வா கிண்டியதை விட இது தேவலை.

இன்று மூடியைக் கழற்றினேன். உள்ளே தூசி, ஒரு குளவிக்கூடு, பல்லி முட்டை ஓடு. பெயின்ட் பிரஷ்ஷால் பாதித் தூசியைத்தான் எடுக்க முடிந்தது. பிளக்கைச் சொருகி, டீச்சரம்மா வீட்டு ஜன்னலை ஒருமுறை பார்த்துக்கொண்டு, சுவிட்சைப் போட்டேன்.

டயல் விளக்கு எரிந்தது! அதே நீலப் பச்சை. ஆனால் சத்தம் இல்லை. எந்தப் பக்கம் திருகினாலும் இல்லை. கண் முழித்திருக்கிறது, பேச்சு இல்லை.

வீடியோக்காரர் முதலில் கன்டன்சர்களை மாற்றச் சொல்கிறார். கேமரா மாட்டுகிற கடை வைத்திருக்கும் ரூபனிடம், "வீட்டு மோட்டாருக்கு" என்று பொய் சொல்லி நாலைந்து வாங்கி வரச் சொன்னேன். அவன் வாங்கி வந்து என் முகத்தைப் பார்த்தான். "மாமா, இது மோட்டாருக்கு உள்ளது இல்லியே" என்றான். மாப்பிள்ளை ஆகப் போகிறவனிடம் எத்தனை பொய்தான் சொல்ல. செட்டைக் காட்டிவிட்டேன். "அப்பாட்ட சொல்லிராத" என்றேன்.

"எங்கப்பா அவர் செட்டைத் தொடச்சு வைக்கக்கூட யாரையும் விடமாட்டாரு. நீங்க மூடியையே கழட்டிட்டிய" என்று சிரித்தான். நல்ல பையன்.

ஆகஸ்ட் 5, சனி

சொல்லிவிட்டான்.

மாதா கோயில் திருவிழாக் கூட்டத்தில் ஊரே அடைத்துக்கிடக்கிறது. அதற்குள் நுழைந்து தவசி ஆட்டோ பிடித்து வந்திருக்கிறான். வாசலிலேயே கேட்டான்.

"செட்டை வெளிய எடுத்துட்டியாமே. மூடியத் தொறந்தியா?"

"தொறந்தாச்சு. ஒனக்குத் தெரியாம முடிக்கணும்னு பாத்தேன். ஒம்மவன் கெடுத்துட்டான்."

தவசி துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தான். ஆடிக் காற்று ஆளைத் தள்ளுகிறது, அவனுக்கு வேர்க்கிறது.

"உள்ள எதையும் கழட்டலியே?"

"ரெண்டு கன்டன்சரு மாத்தினேன்."

"வேண்டாம்வே. பிளக்கப் புடுங்கினாலும் உள்ள கரண்டு நிக்கும். விசேஷத்த வச்சிக்கிட்டு வெளையாடக் கூடாது. நான் கொண்டு போயி பாக்கேன். ஆட்டோ நிக்கி."

எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. திருவிழா நெரிசலில், இந்த வயதில், எனக்கு ஷாக் அடித்துவிடுமோ என்று ஓடி வந்திருக்கிறானே! செட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்தும் விட்டேன். அப்போது ராஜகனி அடுக்களை வாசலுக்கு வந்தாள்.

"செட்டு இங்கயே இருக்கட்டும் அண்ணாச்சி."

"இல்லம்மா, ஷாக்கு கீக்கு..."

"அடிச்சா அடிக்கட்டும். வீட்டுச் சாமான் வீட்டுலயே கெடக்கட்டும்."

தவசி காபி குடிக்காமல் போய்விட்டான். சம்பந்தி ஆகப் போகிற மனுஷனிடம் இப்படியா பேசுவது என்று ராஜகனியைக் கோபித்துக்கொண்டேன். "நான் என்ன பேசிட்டேன்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய் மீன் ஆய்ந்தாள். அவள் கோபத்தையெல்லாம் அந்த மீன்தான் பார்த்தது.

ஆகஸ்ட் 7, திங்கள்

அரசிக்கு ஒரு வேடிக்கை காட்டலாம் என்று கூப்பிட்டேன்.

கல்யாணமான புதிதில் இந்தச் செட்டை வாங்கினேன். ஆபீஸில் ஒருத்தன், "ரிப்பேருக்குக் கொடுத்தா உள்ள இருக்கிற நல்ல சாமானை எடுத்துட்டு ஓட்டைச் சாமானை மாட்டிருவான்" என்று பயம் காட்டிவிட்டான். நான் என்ன செய்தேன்? சீர்ப் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டப் பாத்திரக்கடைக்குப் போனபோது, குடம், அண்டா, இட்லிக் கொப்பரையோடு இந்தச் செட்டையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். பெயர் வெட்டுகிறவர் செட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இதுல என்ன அவிக்கப் போறிய?" என்றார். மூடியைக் கழற்றி, உள்ளே டிரான்ஸ்பார்மரின் இரும்புத் தொப்பியில் வெட்டச் சொன்னேன். என் பெயர் நீளம், தொப்பி பத்தாது. அதனால் 'ராஜகனி' என்று புள்ளி புள்ளியாக வெட்டினார். பக்கத்தில் பாத்திரத்துக்குப் போடுகிற மாதிரியே ஒரு பூ.

தவசியிடம் இதை நான் சொன்னதில்லை. ரிப்பேர்க்காரனையே கூட்டாளியாக வைத்துக்கொண்டு அவனிடம் போய் இதைச் சொல்லலாமா?

"ஒங்கம்மா பேரு இதுக்குள்ள இருக்கு, பாரு" என்று டார்ச்சை அடித்தேன்.

இல்லை.

துணியால் துடைத்தேன். தின்னர் ஊற்றித் துடைத்தேன். தொப்பியே இல்லை. அந்த இடத்தில் காகிதமும் மஞ்சள் வார்னிஷுமாகச் சுற்றிய ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர், நம்மூர்க் கடைகளில் கையால் சுற்றிக் கொடுக்கிற மாதிரி. நாலு திருகு ஓட்டைகளில் இரண்டில்தான் திருகு. மற்ற இரண்டும் பொருந்தவில்லை. ஆடாமல் இருக்க அடியில் ஒரு மரச்சக்கை.

"அம்மா பேரை எங்கப்பா?" என்றாள் அரசி.

"வேற எங்கயாவது வெட்டியிருப்பாரு. வயசாயிட்டு, மறந்து போச்சு" என்றேன்.

அப்படித்தான் இருக்கும். ஜப்பான்காரன் மரச்சக்கை வைப்பானா? அவனுக்கும் அன்றைக்கு ஏதாவது அவசரம் இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

அரசி உடம்பு இளைக்க வாங்கி வைத்த எடை மிஷின் குளியலறை வாசலில் கிடக்கிறது. முதலில் நான் மட்டும் ஏறினேன். பிறகு செட்டைத் தூக்கிக்கொண்டு ஏறினேன்.

அந்தக் காலத்தில் ஒருநாள், விளையாட்டுக்கு, இதைத் துறைமுக எடைமேடையில் நடுவில் வைத்துப் பார்த்தேன். லாரி ஏறுகிற மேடை. அதற்குப் பத்து, இருபது என்று பத்துப் பத்தாகத்தான் கணக்குத் தெரியும். இருபது கிலோ காட்டியது. கூட நின்ற டிரைவர்கள், "அண்ணாச்சி, ஓவர்லோடு" என்று கேலி செய்தார்கள்.

இன்று என் எடையைக் கழித்தால் செட்டு பத்துக்கும் கொஞ்சம் மேலே.

நான்தான் இளைத்துவிட்டேனோ என்று முதலில் நினைத்தேன். மறுபடியும் தனியாக ஏறிப் பார்த்தேன். நான் இளைக்கவில்லை.

பரணிலிருந்து ஒற்றை ஆளாக இறக்கினேன் என்று மேலே ஒரு பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அடித்துவிடலாம் என்று பார்த்தேன். கிடக்கட்டும்.

அரசி நடை பழகின காலத்தில் மின்சாரம் ஏறி இறங்கி ஒருநாள் செட்டு கருகல் வாடை அடித்தது. தவசி கடைக்குக் கொடுத்தேன். மழைக்காலம் முழுக்க அவனிடம்தான் இருந்தது. திரும்பி வந்தபோது, "இனிமே மெதுவா வச்சிக் கேளுடே, டிரான்ஸ்பார்மர் வீக்கு" என்றான். அவனே வீட்டுக்கு வந்து மாட்டிக் கொடுத்தான். சில நாளில் அது ஊமையானபோது பார்த்ததும் அவன்தான். வேறு யாரும் அதைத் தொட்டதில்லை.

ஆகஸ்ட் 9, புதன்

காற்று. வேறு ஒன்றும் எழுத இல்லை.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

போனேன். போகாமல் இருந்தால் கேட்பார்களே. பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தேன். பாட்டு ஓடியது. என்ன பாட்டு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தவசி வெற்றிலை வாங்கக் கடைக்குப் போனான். மரகதம் அடுப்படியில்.

எழுந்து போனேன். செல்போன் டார்ச்சை அவன் செட்டின் மூடித் துவாரத்தில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். சுத்தமாக இருந்தது. நன்றாகப் பேணியிருக்கிறான். ஓரத்தில் கறுப்பு இரும்புத் தொப்பி, நாலு திருகோடு, அசையாமல். அதில் புள்ளி புள்ளியாக 'ரா' தெரிந்தது. தலையைச் சாய்த்தேன். 'ஜ'. இன்னும் சாய்த்தேன். பூ.

"என்ன அண்ணாச்சி தேடுதிய?"

மரகதம் டம்ளரோடு நின்றது.

"பல்லி போன மாதிரி இருந்துச்சு தங்கச்சி."

அது செட்டையும் பார்த்தது, என் கையிலிருந்த வெளிச்சத்தையும் பார்த்தது. "காபி ஆறுது" என்று சொல்லி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டது.

தவசி வந்தான். "சத்தம் எப்படிவே இருக்கு?" என்றான்.

"நல்லாருக்கு" என்றேன். வாய் பழகிவிட்டது. இத்தனை வருஷம் அந்த வாய் பாராட்டியதும் பொய்யில்லையே. நல்ல டிரான்ஸ்பார்மர்தான்.

ஆகஸ்ட் 14, திங்கள்

ராஜகனி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நானும் கீரை உருவினேன். நான் கீரை உருவினால் ஏதோ நடந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

"பாத்துட்டியளா?" என்றாள்.

கீரை கையிலேயே நின்றுவிட்டது.

தவசி மகள் சடங்கு வீட்டுக்கு ஒத்தாசைக்குப் போனபோது பார்த்திருக்கிறாள். அன்றைக்குத் தூசி தட்ட அவன் மூடியைத் திறந்து வைத்திருந்திருக்கிறான்.

"எம் பேரு எனக்குத் தெரியாதா? மரகதமும் அங்க நின்னா. நான் பாத்ததை அவளும் பாத்தா. ஒண்ணும் பேசிக்கிடல. பலகாரத்த எடுத்து வைங்க மதினின்னா. எடுத்து வச்சேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"பாத்திரம் மாறிப் போச்சுன்னா பேரக் காட்டிக் கேட்டு வாங்கிரலாம். இதக் கேட்டுட்டு நீங்க எங்க போவிய? ஒங்களுக்கு வேற கூட்டாளி யாரு இருக்கா? ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா பள்ளிக்கூடம் போற பிள்ள மாதிரி குளிச்சி, தலையச் சீவிக்கிட்டு நிக்கிய."

சிரித்துவிட்டேன். உண்மையிலேயே சிரிப்புதான் வந்தது. அவனுக்குத் தெரியும். மரகதத்துக்குத் தெரியும். என் வீட்டில் என் தலையணைக்குப் பக்கத்துத் தலையணைக்கும் தெரியும். அந்த நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டிய எனக்குத்தான் தெரியாது. மூன்று பேர் சேர்ந்து ஒருத்தனைப் பாட்டுக் கேட்க வைத்திருக்கிறார்கள்.

"தெரிஞ்சிக்கிட்டேதான் அந்த வீட்டுக்குப் பிள்ளையக் குடுக்கச் சம்மதிச்சியா?"

"ரூபன் நல்ல பையன். அவன் அப்பன் எடுத்ததுக்கு அவன் என்ன பண்ணுவான்?" என்றவள், இன்னொரு கொத்தை எடுத்துக்கொண்டு, "நான் அரசிட்ட சொல்லல. சொல்லணும்னா நீங்க சொல்லுங்க. ஒங்க கூட்டாளி" என்றாள்.

கீரையில் காம்புகளும் விழுந்திருந்தன. எல்லாவற்றையும் அவள் மறுபடி பொறுக்கினாள். கோபம் அவள் மேலா அவன் மேலா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 18, வெள்ளி

அரசியிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். போகிற வீடு எப்படிப்பட்டது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். கல்யாணம் நின்றால் நிற்கட்டும்.

கல்லூரியிலிருந்து வந்தவள் நேரே செட்டின் முன்னால் உட்கார்ந்தாள். "இன்னும் பேசலியாப்பா?" என்றாள்.

"இல்லம்மா. எல்லாம் மாத்திட்டேன். விளக்கு மட்டும் எரியுது."

"இந்தப் பொத்தான் மட்டும் ஏன் உள்ள போயிருக்கு?"

முன்பக்கத்தில் வரிசையாக இருக்கிற பொத்தான்களில் ஒன்று. டேப்பிலிருந்து கேட்பதற்கு உள்ளது. அது அமுங்கியிருந்தால் ரேடியோ சத்தம் வராது. டேப்பை மாட்டினால்தான் வரும். விரலால் ஒரு தட்டுத் தட்டினாள்.

வீடு அதிர்ந்தது. நான் வால்யூமை முழுக்கத் திருகி வைத்திருந்தேன். யாரோ ஒருத்தி உரத்தைப் பற்றி விவசாயிகளுக்கு யோசனை சொன்னாள். டீச்சரம்மா மத்தோடு வாசலுக்கு வந்து, நான் நிற்பதைப் பார்த்துத் திரும்பிப் போனார்.

அரசி கைதட்டிக் குதித்தாள். நானும் குதித்தேன். சத்தத்துக்கு அடியில் ஒரு இரைச்சல், தேனீ மாதிரி. அந்த மரச்சக்கை டிரான்ஸ்பார்மரின் இரைச்சல். ஆனாலும் பாடுகிறது. சாகவே இல்லை அது. அந்தப் பொத்தான் எப்போது உள்ளே போனது என்று எனக்குத் தெரியாது. கடைசியாகத் தொட்ட கை யாருடையது என்று தெரியும்.

"அரசி, ஒண்ணு சொல்லணும்" என்றேன். "தவசி வீட்டப் பத்தி."

"என்னப்பா, புதுசா? ரூபன் கேட்டப்ப நான் ஒங்ககிட்டதான் வந்து கேட்டேன். அவங்க வீடு எப்படின்னு. நீங்க என்ன சொன்னிய? தவசி வீட்டுல ஒரு ஊசி கூட மாறாது, கண்ண மூடிக்கிட்டுப் போலாம்னு சொன்னிய. அதுக்கப்புறம்தான் நான் சரின்னேன்."

அவள் சொன்ன மாதிரியே சொல்லியிருக்கிறேன். ஊசி கூட என்று.

"அதத்தான் சொல்ல வந்தேன். அந்த வீட்ல போயி நம்ம வீடு மாதிரி காலையில லேட்டா எந்திரிக்காத" என்றேன்.

"போங்கப்பா" என்று என் தோளில் அடித்தாள், டீச்சரம்மா அடித்த அதே தோளில்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

குளித்தேன். சட்டை போட்டேன். வாசல் வரைக்கும் போய்ச் செருப்பை மாட்டினேன். திரும்பி வந்து கழற்றினேன்.

முன்பு ஒருதரம் காய்ச்சலில் போகாமல் இருந்தேன். அன்றைக்குத் தவசி மாற்றி மாற்றி போன் போட்டு, கடைசியில் கஞ்சியோடு வந்துவிட்டான். இன்று போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விளக்கு வைத்தாயிற்று. போன் வரவில்லை.

மரகதம் சொல்லியிருக்கும். எனக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரியும்.

போன் வராதது அந்த 'ரா'வைப் பார்த்ததை விடக் கஷ்டமாக இருந்தது.

ஆகஸ்ட் 23, புதன்

சவரம் செய்துகொண்டே கண்ணாடியைப் பார்த்து அவனிடம் கேட்க வேண்டியதைப் பேசிப் பார்த்தேன். முதல் வார்த்தை 'எல'யா, 'வே'யா, 'சம்பந்தி'யா என்றே முடிவாகவில்லை. அதற்குள் கன்னத்தில் கீறல்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

நிச்சயதார்த்தம் முடிந்தது. எல்லாரும் போய்விட்டார்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையிலேயே என் செட்டைப் பாட வைத்துவிட்டேன். இரைச்சல் கேட்காத அளவுக்கு மெதுவாக. மாப்பிள்ளை வீட்டார் பழம், பூ, சேலைத் தட்டுகளோடு வந்தார்கள். கடைசியில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து தவசி இறங்கி, "யாராவது ஒரு கை குடுங்க" என்றான். உள்ளே அவனுடைய செட்டு இருந்தது, பட்டுத் துணி போர்த்தி, மேலே ஒரு மல்லிகைச் சரம்.

வாசலில் நின்றது நான்தான். வேறு யார் போவார்கள்? ஒரு பக்கம் பிடித்தேன். மறுபக்கம் அவன். தூக்கினோம்.

எடைமேடையில் இருந்தவனுக்குக் கையில் ஒரு கணக்கு உண்டு. அந்தக் கனம் எனக்குத் தெரிந்தது. ஒருமுறை இறக்கி வைத்து மூச்சு வாங்கித்தான் வாசற்படி ஏறினோம். அதே இடத்தில்தான் அன்றைக்கும் இறக்கி வைத்தோம். அவன் துணியைச் சரிசெய்தான். நான் வேட்டியைச் சரிசெய்தேன். முகத்தை முகம் பார்க்கவில்லை.

"பாத்து," என்றான். "கனம்."

"தெரியும்" என்றேன்.

அவன் கை ஒரு நொடி நழுவி, மறுபடி பிடித்தது.

கூடத்தில் கொண்டுபோய் வைத்ததும் தவசி எல்லார் முன்னாலும் சொன்னான்: "இது எங்க வீட்டு மூத்த பிள்ளை மாதிரி. மருமகளுக்கு நாங்க குடுக்கிற மொதச் சீரு."

கூட்டம் கொண்டாடியது. "தவசி உயிரையே தூக்கிக் குடுத்துட்டான்வே" என்றார் அவன் சித்தப்பா. "ஒங்க மகளுக்கு யோகம் அண்ணாச்சி" என்று என் கையைப் பிடித்து யார் யாரோ குலுக்கினார்கள். டீச்சரம்மா கைதட்டினார். எல்லாரும் கைதட்டும்போது நான் மட்டும் எப்படி சும்மா நிற்பது? நானும் தட்டினேன். அரசி போய் அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. அது பொய்க் கண்ணீர் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ரூபன் மரியாதையாக, "மாமா, ஒங்களோடது கொஞ்சம் இரையுது, இத மாட்டிக்கிடவா?" என்றான். தலையாட்டினேன். என் செட்டின் வயரைப் பிடுங்கினான். நீலப் பச்சை விளக்கு ஒன்றில் அணைந்தது, மற்றதில் எரிந்தது. பாட்டு வந்தது, இரைச்சல் துளியும் இல்லாமல். தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற ராஜகனி அந்தப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு மரகதத்தைப் பார்த்தாள். மரகதம் குனிந்து வெற்றிலையை எண்ணத் தொடங்கியது.

திருப்பிக் கொடுத்துவிட்டான் என்றும் சொல்லலாம். அப்படியே சொல்லிப் பார்த்தேன், மனசுக்குள். ஆனால் திருப்பிக் கொடுக்கிறவன் இன்னாருடையது என்று சொல்லித்தானே கொடுக்க வேண்டும். அவன் சீராகக் கொடுத்தான். நான் வாங்கிக்கொண்டேன். என் பொருளை எனக்கே தானமாகக் கொடுத்து, கும்பிடும் வாங்கிக்கொண்டு, இலையில் உட்கார்ந்து சாப்பிட்டான். பாயசம் நான்தான் பரிமாறினேன். இன்னும் கொஞ்சம் என்றேன்.

கிளம்பும்போது என் பக்கத்தில் வந்து நின்றான். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் செருப்புத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவன் என்னைப் பார்க்காமல், செட்டைப் பார்த்துக்கொண்டு, ரொம்ப மெதுவாகக் கேட்டான். 'வே' போடவில்லை.

"சத்தம் எப்படில இருக்கு?"

"நல்லாருக்கு" என்றேன்.

சொல்லாமல் விட்டதை இங்கே எழுதி வைக்கிறேன்: தவசி, இத்தனை ஞாயித்துக்கிழமையும் நான் நல்லாருக்கு, நல்லாருக்குன்னு சொல்லும்போது, ஒனக்கு எப்படில இருந்துச்சு?